சார்ட் பண்ணா 1200 ஏன் 9-க்கு முன்னாடி வருது? டேபிள்ல சார்ட்டும் ஃபில்டரும் சொதப்புற இடங்கள்

எக்செல் ஷீட்ல தொகைன்னு ஒரு காலம் (மேல இருந்து கீழ போற கட்டங்களோட வரிசை) இருக்கு, அதுல 9, 85, 150, 20, 1200 அப்படின்னு நம்பருங்க இருக்கு, சின்னதுல இருந்து பெருசுக்கு சார்ட் பண்ணுன்னு எக்செல்கிட்ட சொல்றீங்க, அது 1200, 150, 20, 85, 9 அப்படின்னு கொண்டு வந்து நிறுத்துது. பார்த்தவுடனே சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சு, வைரஸ் வந்துடுச்சு, இன்ஸ்டால் பண்ணது சரியில்லன்னு பலரும் நினைக்கிறாங்க. அப்படி ஒண்ணும் இல்லைங்க, அது தன் கணக்குப்படி சரியாத்தான் பண்ணிருக்கு. அந்த கட்டத்துல இருக்கிறதை அது நம்பரா பார்க்கல, எழுத்தா பார்த்திருக்கு. எழுத்துன்னா முதல் எழுத்தை முதல்ல ஒப்பிடணும், 1-க்கு அப்புறம்தான் 2, 2-க்கு அப்புறம்தான் 8, கடைசியா 9. அதனால 1200-ல இருக்கிற 1, 9-ஐ விட முன்னாடி வந்துடுச்சு.

இந்த ஒரு விஷயம் புரிஞ்சா டேபிள்ல வர்ற முக்கால்வாசி தகராறு புரிஞ்சிடும். நம்ம கண்ணுக்குத் தெரியுறது ஒண்ணு, கட்டத்துக்குள்ள சாஃப்ட்வேர் வச்சிருக்கிறது வேற ஒண்ணு. சார்ட்டும் (வரிசைப்படுத்துறது) ஃபில்டரும் (வேணுங்கிற வரியை மட்டும் காட்டுறது) உள்ள இருக்கிறதை வச்சுத்தான் வேலை செய்யும். அதனால எது சொதப்பினாலும் முதல் கேள்வி "இந்த கட்டத்துக்குள்ள உண்மையில என்ன இருக்கு", அடுத்த கேள்வி "இந்த சார்ட் எங்க இருந்து எங்க வரைக்கும் நடக்குது". கீழ சொல்ற எல்லாமே இந்த ரெண்டு கேள்விக்குள்ள அடங்குறதுதான். எக்செல்லை வச்சே பெரும்பாலும் சொல்றேன், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் வித்தியாசமா நடந்துக்கிற இடத்துல அதையும் சொல்றேன்.

நம்பர் மாதிரி தெரியுற எழுத்து

நம்பரா எழுத்தான்னு கண்டுபிடிக்க ரொம்ப சுலபமான வழி, அந்த காலம் முழுசையும் செலக்ட் பண்ணிட்டு ஸ்க்ரீனோட அடியில இருக்கிற பட்டையைப் பாருங்க. நம்பரா இருந்தா கூட்டல், சராசரி எல்லாம் அங்க காட்டும். எழுத்தா இருந்தா எத்தனை கட்டம்னு எண்ணிக்கை மட்டும் காட்டிட்டு கூட்டலை விட்டுடும். இன்னொரு அடையாளம், யாரும் கைவைக்காத வரைக்கும் எக்செல் நம்பரை வலது பக்கம் ஒட்டி வைக்கும், எழுத்தை இடது பக்கம் ஒட்டி வைக்கும், கட்டத்தோட மூலையில சின்ன பச்சை முக்கோணமும் வரலாம். ஆனா யாராவது எல்லாத்தையும் நடுவுல கொண்டுவந்து அழகு பண்ணிட்டா இந்த இடது வலது அடையாளம் போயிடும், அதனால நான் அடிப் பட்டையைத்தான் நம்புவேன். லிப்ரே ஆபீஸ்ல இதுக்கு ஒரு அருமையான வசதி இருக்கு, கன்ட்ரோல் பட்டனோட எஃப்8 அழுத்தினா நம்பர் நீலத்துலயும் ஃபார்முலா பச்சையிலயும் எழுத்து கறுப்புலயும் தெரியும், ஒரே பார்வையில எங்க கலப்படம்னு தெரிஞ்சிடும்.

கலப்படம்தான் உண்மையான தலைவலி. காலம் முழுக்க எழுத்தா இருந்தா வரிசை பட்டுனு கண்ல படும். பாதி நம்பர், பாதி எழுத்துன்னா எக்செல் ஏறுவரிசையில நம்பர் எல்லாத்தையும் முதல்ல வச்சுட்டு அதுக்கு அப்புறம்தான் எழுத்தை வைக்கும். அதாவது 5, 40, 900 வரைக்கும் அழகா போய்ட்டு திடீர்னு 10, 200-ன்னு மறுபடி ஆரம்பிக்கும். 300 வரி இருக்கிற லிஸ்ட்ல இந்த ரெண்டாவது ஆரம்பம் எங்கயோ கீழ இருக்கும், மேல இருக்கிற நாலு வரியை மட்டும் பார்க்கிறவங்களுக்கு எல்லாம் சரின்னு தோணிடும். காலியா இருக்கிற கட்டங்க மட்டும் ஏறுவரிசை இறங்குவரிசை எதுவா இருந்தாலும் கடைசியிலதான் நிக்கும், அது தப்பு இல்ல, அதோட விதியே அதுதான்.

இதை சரி பண்றதுல ஆரம்பத்துல எல்லாரும் தடுக்கி விழற இடம் ஒண்ணு இருக்கு. ஃபார்மேட் செல்ஸ்ல போய் "நம்பர்"னு மாத்திட்டு, மாத்திட்டேனே இன்னும் ஏன் சரியாகலன்னு கேட்பாங்க. ஃபார்மேட்ங்கிறது காட்டுற விதம் மட்டும்தான், உள்ள ஏற்கனவே எழுத்தா உட்கார்ந்திருக்கிறதை அது தொடவே தொடாது. அந்த காலம்மை செலக்ட் பண்ணி, டேட்டா மெனுல "டெக்ஸ்ட் டு காலம்ஸ்"னு ஒண்ணு இருக்கும், அதைத் திறந்து எதையும் மாத்தாம நேரா ஃபினிஷ் கொடுங்க, ஒவ்வொரு கட்டத்தையும் புதுசா டைப் பண்ண மாதிரி எக்செல் மறுபடி படிச்சு நம்பரா மாத்திக்கும். ஒரு தடவைக்கு ஒரு காலம்தான் பண்ண முடியும். இல்லன்னா ஏதாவது காலி கட்டத்துல 1 போட்டு காப்பி பண்ணி, தொகை இருக்கிற கட்டங்களை செலக்ட் பண்ணி, பேஸ்ட் ஸ்பெஷல்ல போய் "மல்டிப்ளை" கொடுத்தாலும் வேலை முடிஞ்சிடும்.

நம்ம ஊர்ல இன்னொரு பழக்கம் இருக்கு, தொகை எழுதறப்போ "ரூ. 1200"ன்னோ "1200/-"ன்னோ எழுதறது. பில் புக்குல அது ரொம்ப சரி, பின்னாடி யாரும் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்துடக் கூடாதுன்னு போடறது. ஆனா கட்டத்துக்குள்ள அப்படி டைப் பண்ணா அது எழுத்துதான், கூட்டலும் வராது, சார்ட்டும் வராது. ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்ல "/-" கொடுத்து எதுவுமே இல்லாம ரீப்ளேஸ் பண்ணுங்க, ரூபாய் அடையாளம் வேணும்னா ஃபார்மேட்ல வச்சுக்கலாம். "5 கிலோ", "12 பீஸ்" இதெல்லாமும் அப்படித்தான், அளவு ஒரு காலம், அலகு இன்னொரு காலம்னு பிரிச்சுட்டா நிம்மதி.

ஆனா எல்லாத்தையும் நம்பரா மாத்திடாதீங்க, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். போன் நம்பர், பேங்க் அக்கவுன்ட் நம்பர், கார்டு நம்பர், ரோல் நம்பர் இதெல்லாம் பேருக்குத்தான் நம்பர், யாரும் இதைக் கூட்டப் போறதில்ல. சென்னை எஸ்டிடி கோடு 044-ஐ நம்பரா மாத்தினா முன்னாடி இருக்கிற பூஜ்யம் போய் 44 ஆயிடும். எக்செல் ஒரு நம்பர்ல 15 இலக்கம் வரைக்கும்தான் சரியா வச்சிருக்கும், 16 இலக்க கார்டு நம்பரை நம்பரா போட்டா கடைசி இலக்கம் பூஜ்யமா மாறிடும், அதுக்கப்புறம் அது என்ன இலக்கமா இருந்துச்சுன்னு அந்த ஃபைலை வச்சு யாராலயும் சொல்ல முடியாது. இந்த மாதிரி காலம்மை டைப் பண்றதுக்கு முன்னாடியே டெக்ஸ்ட்னு ஃபார்மேட் பண்ணி வச்சுடணும்.

தேதி

தேதிதான் இருக்கிறதுலயே ஆபத்தானது, ஏன்னா இது சத்தமே போடாம தப்பாகும். எக்செல்லுக்கு தேதிங்கிறது உள்ள ஒரு நம்பர். 1900 ஜனவரி 1-ன்னா 1, அங்க இருந்து நாள் நாளா எண்ணிக்கிட்டே வரும், 2024 ஜனவரி 1-ன்னா 45292. தேதி இருக்க வேண்டிய இடத்துல 45292 மாதிரி ஏதோ நம்பர் தெரிஞ்சா பயப்படாதீங்க, ஃபார்மேட்டை தேதின்னு மாத்தினா போதும், உள்ள இருக்கிறது சரியாத்தான் இருக்கு.

பிரச்சனை எங்கன்னா, நாம நாள்/மாசம்/வருஷம்னு எழுதுவோம், அமெரிக்காக்காரங்க மாசம்/நாள்/வருஷம்னு எழுதுவாங்க, கம்ப்யூட்டர்ல ரீஜன் செட்டிங் அமெரிக்கான்னு இருந்தா எக்செல் அவங்க வழியிலதான் படிக்கும். நீங்க 05/03/2024-ன்னு மார்ச் 5-ஐ நினைச்சு டைப் பண்றீங்க, அது மே 3-ன்னு எடுத்துக்கும், ஒரு வார்த்தை கேட்காது. 25/03/2024 போட்டா 25-வது மாசம் கிடையாதேன்னு அதை எழுத்தா விட்டுடும். இப்போ ஒரே காலம்ல பாதி தேதி புரண்டு போய் நம்பரா இருக்கு, மீதி எழுத்தா இருக்கு, சார்ட் பண்ணா புரண்டதெல்லாம் மேல, எழுத்தெல்லாம் கீழ. கீழ நிக்கிற எழுத்து தேதிங்களை மட்டும் சரி பண்ணிட்டு வேலை முடிஞ்சுதுன்னு போயிடறாங்க, மேல சரியா இருக்கிற மாதிரி தெரியுற தேதிங்கதான் உண்மையில தப்பான தேதிங்க.

இதைக் கண்டுபிடிக்க ஃபில்டர் பட்டனே உதவும். தேதி காலம்மோட ஃபில்டர் அம்புக்குறியை அழுத்துங்க, உண்மையான தேதி எல்லாம் வருஷம், அதுக்குள்ள மாசம், அதுக்குள்ள நாள்னு மடிஞ்சு இருக்கும். எழுத்தா இருக்கிற தேதி அந்த மடிப்புக்குள்ள போகாம அடியில தனித்தனியா நீட்டமா தொங்கும். அப்படி ஒண்ணு தொங்கினாக்கூட சந்தேகப்படுங்க, அந்த காலம்ல 12-க்கு உள்ள நாள் வர்ற தேதி எல்லாத்தையும் மூல ரசீதோட ஒரு தடவை ஒப்பிடுங்க.

காலம் முழுக்க எழுத்தாவே இருந்தா நல்லதுதான், டெக்ஸ்ட் டு காலம்ஸ்ல மூணாவது ஸ்டெப்ல தேதின்னு தேர்ந்தெடுத்து நாள், மாசம், வருஷம் வரிசைக்கான டிஎம்ஒய் கொடுத்தா எல்லாம் ஒழுங்கா மாறிடும். ஏற்கனவே பாதி புரண்டிருந்தா அதே இடத்துல வச்சு ரிப்பேர் பண்ணப் பார்க்காதீங்க, மூல ஃபைல்ல இருந்து மறுபடி எடுக்கிறதுதான் பத்திரம். கமா போட்டுப் பிரிச்ச சாதா எழுத்து ஃபைலா வர்ற சிஎஸ்வி ஃபைல்னா டபுள் கிளிக் பண்ணித் திறக்காதீங்க, எக்செல்லைத் திறந்துட்டு டேட்டா மெனுல "ஃப்ரம் டெக்ஸ்ட்" வழியா உள்ள கொண்டு வந்தா எந்த காலம்மை எப்படிப் படிக்கணும்னு நீங்க சொல்ல முடியும். டபுள் கிளிக் பண்ணா அதுவா முடிவெடுத்துடும்.

அதுவா முடிவெடுக்கிற இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போச்சுன்னா, மனுஷ ஜீன்களுக்கு பேர் வைக்கிற சர்வதேச குழு 2020-ல சில ஜீன்களோட பேரையே மாத்திடுச்சு. மார்ச்1, செப்ட்1-ன்னு இருந்த ஜீன் பேரை எக்செல் தேதின்னு நினைச்சு மாத்திக்கிட்டே இருந்துச்சு, ஆராய்ச்சி கட்டுரைகளோட டேபிள்லயே அந்தத் தப்பு ஏறிப்போச்சு, கடைசியில மார்ச்எஃப்1, செப்டின்1-ன்னு வச்சாங்க. வீட்டு நம்பர் 3-4, பேட்ச் நம்பர் 5/12 இதெல்லாம் டைப் பண்றப்போ உங்க ஷீட்லயும் இதேதான் நடக்கும்.

ஒரே ஊரு, ஃபில்டர்ல ரெண்டு தடவை

ஊரு காலம்ல ஃபில்டர் போட்டா லிஸ்ட்ல மதுரை ரெண்டு தடவை இருக்கு, ஒண்ணை டிக் பண்ணா பாதி பேர் வர்றாங்க, இன்னொண்ணுல மீதி பேர். ஒண்ணுக்கு முன்னாடி ஒரு ஸ்பேஸ் இருக்கும். வாட்ஸ்அப்ல இருந்தோ வெப்சைட்ல இருந்தோ காப்பி பண்ணா இது சகஜம். சார்ட்லயும் இது தெரியும், முன்னாடி ஸ்பேஸ் இருக்கிற வரியெல்லாம் அ-வுக்கும் முன்னாடி போய் உச்சியில உட்கார்ந்திருக்கும்.

எத்தனை எழுத்து இருக்குன்னு சொல்ற லென் ஃபார்முலா இதுக்கு நல்ல கருவி. ஆனா தமிழ்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும், மதுரை நமக்கு 3 எழுத்து, லென் 5-ன்னு சொல்லும், ஏன்னா த தனி, உகரக் குறி தனி, ர தனி, ஐகாரக் குறி தனின்னு எண்ணும். 6-ன்னு வந்தா ஒரு ஸ்பேஸ் ஒளிஞ்சிருக்கு. ட்ரிம் ஃபார்முலா முன்னாடி பின்னாடி இருக்கிற ஸ்பேஸை எடுத்துடும், கூகுள் ஷீட்ஸ்ல டேட்டா மெனுலயே ஸ்பேஸ் வெட்டுற ட்ரிம் வசதி இருக்கு. ட்ரிம் போட்டும் 6-லயே நிக்குதுன்னா அது சாதா ஸ்பேஸ் இல்ல, வெப் பேஜ்ல வர்ற 160-ஆம் நம்பர் ஸ்பேஸ், ட்ரிம் அதைத் தொடாது. அந்த ஸ்பேஸை மட்டும் கட்டத்துக்குள்ள போய் காப்பி பண்ணி, ஃபைண்ட்ல பேஸ்ட் பண்ணி, எதுவும் இல்லாம ரீப்ளேஸ் பண்ணா போயிடும்.

ஸ்பேஸே இல்லாமலும் இது நடக்கும், தமிழ்ல டைப் பண்றவங்க இதை அவசியம் தெரிஞ்சுக்கணும். கோவைன்னு எழுதறப்போ ஓகாரக் குறியை யூனிகோட்ல (எழுத்துங்களை கம்ப்யூட்டர்ல நம்பரா சேமிக்கிற பொது முறை) ஒரே குறியா வைக்கலாம், இல்ல முன்னாடி வர்ற இரட்டைக் கொம்பு, பின்னாடி வர்ற கால்னு ரெண்டு குறியா வைக்கலாம், கண்ணுக்கு துளி வித்தியாசம் தெரியாது. முதல்ல சொன்ன மாதிரி இருந்தா லென் 4, ரெண்டாவது மாதிரி இருந்தா 5. நிறைய சாஃப்ட்வேர் இதை வேற வேற வார்த்தைன்னே எடுத்துக்கும். ஒருத்தர் மொபைல்ல ஒரு கீபோர்டுல டைப் பண்ணி, இன்னொருத்தர் பழைய கன்வர்ட்டர் வழியா மாத்தி ஒட்டினா ரெண்டும் கலந்துடும். ஔவைன்னு எழுதறதுக்குப் பதிலா ஒ போட்டு ள போட்டு எழுதறதும் இதே வகைதான். இதுக்கு பெரிய மந்திரம் எதுவும் இல்ல, ஃபில்டர் லிஸ்ட்ல சரியானதை ஒரு கட்டத்துல இருந்து காப்பி பண்ணி மத்ததுமேல ஒட்டிடுங்க. இனிமே வராம இருக்கணும்னா டேட்டா வேலிடேஷன்ல ஊர் பேரை டிராப்டவுனா வச்சுடுங்க, டைப்பே பண்ண வேண்டாம்.

தமிழ்ப் பேரை சார்ட் பண்ணா

இது தனியா சொல்ல வேண்டிய விஷயம். யூனிகோட்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் இருக்கு, அந்த நம்பர் வரிசையும் நம்ம அகரவரிசையும் ஒண்ணு இல்ல. அதுல ந-வுக்கு அடுத்தே ன இருக்கு, ர-வுக்கு அடுத்தே ற இருக்கு, ளவும் ழவும் வ-வுக்கு முன்னாடி இருக்கு, ஜ போய் சவுக்கும் ஞவுக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கு. புள்ளியோட நம்பர் எல்லா எழுத்துக்கும் பின்னாடி வருது. அதனால நம்பர் வரிசையை மட்டும் பார்த்து சார்ட் பண்ற சாஃப்ட்வேர்ல கனி முன்னாடி வந்து கப்பல் பின்னாடி வரும், பழம் முன்னாடி வந்து பவளம் பின்னாடி வரும், அகம் முன்னாடி வந்து அக்கா பின்னாடி போகும். நம்ம அகராதி வரிசையில இது மூணுமே தலைகீழ்.

தமிழ் வரிசை தெரிஞ்ச சாஃப்ட்வேரும் இருக்கு, உங்களோடது எந்த வகைன்னு தெரிஞ்சுக்க இந்த ஆறு வார்த்தையை ஒரு ஷீட்ல போட்டு சார்ட் பண்ணிப் பாருங்க, உடனே தெரிஞ்சிடும். தப்பா வந்தா ஷீட்டோட மொழி செட்டிங்கை தமிழுக்கு மாத்திப் பாருங்க. அப்பவும் வரலன்னா, லிஸ்ட் சின்னதா இருந்தா பக்கத்துல ஒரு காலம்ல வரிசை எண்ணை நீங்களே போட்டு அதை வச்சு சார்ட் பண்றதுதான் வழி. ஒரு சங்கத்தோட உறுப்பினர் பட்டியலோ நூலகப் பட்டியலோ அச்சுக்குப் போகுதுன்னா இந்த சோதனையைப் பண்ணாம அனுப்பாதீங்க, தப்பான வரிசையில இருக்கிற பட்டியல்ல பேரைத் தேடுறவர் தன் பேர் விட்டுப்போச்சுன்னுதான் நினைப்பாரு.

பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ண ஃபைலா இருந்தா கதையே வேற. திரையில தமிழ் தெரியும், உள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்துங்க, சார்ட் அந்த இங்கிலீஷ் வரிசையிலதான் நடக்கும். முதல்ல யூனிகோடுக்கு மாத்தணும், வேற வழி இல்ல.

எங்க வரைக்கும் நடக்குது

இப்போ ரெண்டாவது கேள்வி. டேபிளுக்கு நடுவுல ஒரு வரி முழுசா காலியா இருந்தா டேபிள் அங்கேயே முடிஞ்சுதுன்னு எக்செல் எடுத்துக்கும், அதுக்குக் கீழ இருக்கிறது சார்ட்லயும் வராது, ஃபில்டர் லிஸ்ட்லயும் வராது. மாசத்துக்கு ஒரு காலி வரி விட்டு அழகா பிரிச்சு வச்சிருப்பாங்க, அது பார்க்க நல்லா இருக்கும், ஆனா அந்த இடைவெளியே டேபிளைத் துண்டு துண்டா வெட்டிடும். நடுவுல காலி காலம் விட்டாலும் இதேதான்.

இதைவிட பெரிய கேடு ஒண்ணு இருக்கு. தொகை காலம்மை மட்டும் செலக்ட் பண்ணிட்டு சார்ட் அழுத்தினா எக்செல் ஒரு எச்சரிக்கை காட்டும், பக்கத்துல இருக்கிறதையும் சேர்த்துக்கவா, இல்ல செலக்ட் பண்ணதை மட்டுமான்னு. படிக்காம ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தா தொகை மட்டும் வரிசை மாறும், பேர் எல்லாம் அப்படியே நிக்கும். ஒருத்தர் கட்டின பணம் இன்னொருத்தர் பேருக்கு நேரா போயிடும். கூட்டல் மாறாது, வரி எண்ணிக்கை மாறாது, எந்த எரரும் வராது, ஆனா பட்டியல்ல இருக்கிற ஒவ்வொருத்தர் கணக்கும் தப்பு. உடனே கவனிச்சா கன்ட்ரோல் இசட் போட்டு திரும்பிடலாம், சேவ் பண்ணி மூடிட்டா பழைய காப்பிதான் கதி. சார்ட் பண்றதுக்கு காலம்மை செலக்ட் பண்ணவே வேண்டாம், அதுக்குள்ள ஏதோ ஒரு கட்டத்துல கிளிக் பண்ணி வச்சா போதும்.

தலைப்பு வரி சார்ட்டுக்குள்ள போய் கலந்துடுச்சுன்னா கஸ்டம் சார்ட்ல "டேட்டாவுக்கு தலைப்பு இருக்கு"ங்கிற டிக் விட்டுப்போயிருக்கு. கடைசியில இருக்கிற மொத்தம் வரியும் அப்படித்தான், இறங்குவரிசையில சார்ட் பண்ணா பெரிய தொகைன்னு அது உச்சிக்கு வந்துடும், டேபிளுக்கும் மொத்தத்துக்கும் நடுவுல மட்டும் ஒரு காலி வரி விடறது நல்லது. மெர்ஜ் பண்ண கட்டங்க இருந்தா எல்லாம் ஒரே சைஸ்ல இருக்கணும்னு சொல்லி சார்ட்டே பண்ண மாட்டேங்கும், டேட்டா இருக்கிற பகுதியில மெர்ஜ் வேண்டவே வேண்டாம். மறைச்சு வச்ச வரிங்க சார்ட்ல நகராது, அதனால முதல்ல எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு சார்ட் பண்ணுங்க.

பேங்க் பாஸ்புக் மாதிரி, மேல் வரி இருப்போட இந்த வரி தொகையைக் கூட்டுற ஃபார்முலா வச்சிருந்தா, தேதி வரிசையை மாத்தின நிமிஷமே எல்லா இருப்பும் தப்பாயிடும், ஏன்னா அதுக்கு மேல் வரின்னு இப்போ வேற யாரோ நிக்கிறாங்க. அந்த மாதிரி ஷீட்டை ஒரு காப்பி எடுத்து, ஃபார்முலாவை வேல்யூவா ஒட்டிட்டு, அந்தக் காப்பியில சார்ட் பண்ணுங்க.

இதுல பாதி பிரச்சனையை முன்கூட்டியே தடுக்க நான் ரெண்டு வேலை சொல்வேன். ஒண்ணு, டேட்டாவுக்குள்ள கிளிக் பண்ணி கன்ட்ரோல் டி (டேபிளோட முதல் எழுத்து T) அழுத்தி அதை முறையான டேபிளா மாத்திடறது, எல்லை எது தலைப்பு எதுன்னு எக்செல்லுக்கு தெளிவாயிடும், புதுசா சேர்க்கிற வரியும் தானா உள்ள வந்துடும். இன்னொண்ணு, முதல் காலம்ல 1, 2, 3-ன்னு வரிசை எண் போடறது, ஃபார்முலாவா போடாம நம்பராவே போடணும், எத்தனை தடவை எப்படி சார்ட் பண்ணாலும் அதை வச்சு பழைய வரிசைக்கு வந்துடலாம்.

ஃபில்டர் போட்டப்புறம்

வரி காணாம போச்சுன்னு சொல்றவங்க முதல்ல இடது ஓரத்துல வரி எண்ணோட கலரைப் பாருங்க. நீலமா இருந்து, 14-க்கு அடுத்து 22-ன்னு தாவிச்சுன்னா எங்கயோ ஒரு ஃபில்டர் ஓடிக்கிட்டு இருக்கு. வலது பக்கம் கண்ணுக்கு எட்டாத தூரத்துல இருக்கிற ஒரு காலம்ல போன வாரம் போட்ட ஃபில்டரா இருக்கலாம். ரெண்டு காலம்ல ஃபில்டர் இருந்தா ரெண்டுக்கும் பொருந்துற வரி மட்டும்தான் தெரியும், அதனால ஒவ்வொண்ணா தேடாம டேட்டா மெனுல கிளியர் கொடுத்து எல்லாத்தையும் எடுத்துட்டு மறுபடி ஆரம்பிங்க.

ஃபில்டர் போட்டப்புறம் ஒரு கட்டத்தை மாத்தினா அந்த வரி தானா மறையாது, புதுசா பொருந்துறது தானா வராது. ரீஅப்ளை கொடுக்கணும், கன்ட்ரோல் ஆல்ட் எல். டிராப்டவுன்ல ஒரு பேர் இல்லவே இல்லன்னா அந்த லிஸ்ட் 10,000 தனித்தனி மதிப்பு வரைக்கும்தான் காட்டும்ங்கிறதை நினைவுல வச்சுக்குங்க, பெரிய டேட்டாவா இருந்தா தேடுற பெட்டியில டைப் பண்ணித் தேடுங்க. கேள்விக்குறியும் நட்சத்திரக் குறியும் அந்த தேடல்ல "எது வேணா இருக்கலாம்"னு அர்த்தம், நிஜமாவே கேள்விக்குறியைத் தேடணும்னா அதுக்கு முன்னாடி டில்டே குறி (~) போடணும்.

மதுரைக்காரங்களை மட்டும் ஃபில்டர் பண்ணிட்டு கீழ சம் ஃபார்முலாவைப் பார்த்தா மொத்த ஊரோட தொகையும்தான் இருக்கும், சம் மறைஞ்சதையும் சேர்த்துத்தான் கூட்டும். அதுக்குப் பதிலா சப்டோட்டல் ஃபார்முலாவுல 9 கொடுத்துப் போட்டா ஃபில்டர்ல தெரியுறதை மட்டும் கூட்டும். கையால மறைச்ச வரியையும் விடணும்னா 109. வசூல் கணக்கு பார்க்கிறவங்க எல்லாரும் இதை ஒரு தடவை கத்துக்கிட்டா போதும், ரொம்ப உபயோகமானது.

ஃபில்டர் போட்ட ஷீட்ல பத்து வரியை காப்பி பண்ணி ஒட்டறதுல ஜாக்கிரதை வேணும், தெரியுற பத்து வரியில ஒட்டும்னு நினைச்சா அது நடுவுல மறைஞ்சிருக்கிற வரி மேலயும் எழுதிடும். ஃபில்டரை எடுத்துட்டு, சார்ட் பண்ணி பக்கத்துல பக்கத்துல கொண்டுவந்து, அப்புறம் ஒட்டுங்க.

கூகுள் ஷீட்ஸ்ல பலர் சேர்ந்து வேலை பார்க்கிறப்போ ஒருத்தர் போட்ட ஃபில்டர் எல்லாருக்கும் போய் விழும், நீங்க ஒண்ணும் பண்ணாமலே வரி காணாம போகும். அதுக்குத்தான் ஃபில்டர் வியூன்னு தனியா இருக்கு, அதுல போட்டா உங்களுக்கு மட்டும்தான் அந்த ஃபில்டர், மத்தவங்களுக்கு எதுவும் மாறாது. ஆனா அதுக்குள்ள ஒரு கட்டத்தைத் திருத்தினா அது எல்லாருக்கும் திருந்தும்.

எக்செல் இல்லாம ஆபீஸ் சாஃப்ட்வேர்லயோ வெப்சைட்லயோ இருக்கிற டேபிள்னா ரெண்டு விஷயம் கூடுதலா பாருங்க. பக்கம் பக்கமா வர்ற டேபிள்ல தலைப்பை அழுத்தினா சிலது அந்த பக்கத்துல இருக்கிற 20, 50 வரியை மட்டும் சார்ட் பண்ணும், அதிகமான தொகை மூணாவது பக்கத்துல ஒளிஞ்சிருக்கும். பக்கத்துக்கு எத்தனை வரிங்கிறதை முடிஞ்ச வரைக்கும் கூட்டி வச்சு மறுபடி அழுத்திப் பாருங்க, மேல வர்ற பேர் மாறினா அதுதான் காரணம். இன்னொண்ணு காலி மதிப்பு. எக்செல் மாதிரி காலியை எப்பவும் கடைசியில வைக்கணும்னு எல்லாருக்கும் விதி இல்ல, பின்னாடி டேட்டாவைச் சேமிச்சு வைக்கிற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் மைஎஸ்க்யூஎல்லா இருந்தா ஏறுவரிசையில காலி முதல்ல வரும், போஸ்ட்கிரஸா இருந்தா கடைசியில வரும். அங்க "மதுரை இல்லாதவங்க"ன்னு ஃபில்டர் கேட்டா ஊரே போடாதவங்க அந்த பட்டியல்ல வராம போகவும் வாய்ப்பு இருக்கு, காலிக்குத் தனியா ஒரு ஃபில்டர் போட்டுத்தான் அவங்களை எடுக்கணும்.

இவ்வளவும் பார்த்தும் சரியாகல, யார்கிட்டயாவது கேட்கணும்னா ஸ்க்ரீன்ஷாட் மட்டும் அனுப்பாதீங்க, அதுல கட்டத்துக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. தப்பா வர்ற ஒரு ஆறேழு வரியை மட்டும் புது ஃபைல்ல காப்பி பண்ணி, ஜனங்களோட பேரையும் போன் நம்பரையும் மாத்திட்டு, அந்த ஃபைல்லயும் அதே தப்பு வருதான்னு ஒரு தடவை சார்ட் பண்ணிப் பார்த்துட்டு அனுப்புங்க. எந்த சாஃப்ட்வேர், எந்த வெர்ஷன், கம்ப்யூட்டர்ல ரீஜன் செட்டிங் என்ன, டேட்டா எங்க இருந்து வந்துச்சு, எந்த பட்டனை அழுத்தினீங்க, என்ன வரும்னு எதிர்பார்த்தீங்கன்னு கூடவே எழுதிடுங்க.